பெரியம்மாவுக்குத் தலை சுற்றியது ஏன்?

"தலை சுத்துது" என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் போதும், சுற்றி இருக்கிற எல்லோரும் டாக்டர் ஆகிவிடுவார்கள். "பித்தம்" என்று பாட்டி இஞ்சியைத் தட்டப் போவார். "லோ பிரஷர், உப்பு போட்டு மோர் குடி" என்பார் மாமா. "ஒழுங்கா சாப்டறதில்ல, ஒடம்புல ரத்தமே இல்ல" என்பது அம்மாவின் தீர்ப்பு. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "கழுத்து எலும்பு தேஞ்சிருக்கும், எங்க நாத்தனாருக்கும் இப்டித்தான் ஆச்சு" என்பார். புதிதாகக் கல்யாணம் ஆன பெண்ணாக இருந்தால் இன்னொரு காரணத்தை வாயைத் திறக்காமல் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள் :-)

இத்தனை பேரில் ஒருவர்கூடச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. காது!

எங்கள் வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. காது வலி இல்லை, சீழ் இல்லை, நன்றாகவே கேட்கிறது. பிறகு எதற்குக் காதைப் பற்றி யோசிக்கப் போகிறோம்? பெரியம்மா விஷயத்தில் இந்தக் காரணம் வெளியே வர ஐந்து வாரம் ஆனது. அதைக் கண்டுபிடித்த முறையோ ஐந்து நிமிஷ வேலை. ஒரு கட்டில், ஒரு டாக்டர், அவருடைய இரண்டு கண். அவ்வளவுதான் செலவு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெரியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது 54. வீடு பாடியில், திருவலிதாயம் கோயிலுக்குப் பின்பக்கம். பெரியப்பா இல்லை. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில். ரப்பர் வாஷர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். நாள் முழுக்கக் குனிவதும் நிமிர்வதுமான வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அக்காவின் காலேஜ் ஃபீஸ் ஓடுகிறது.

ஒரு நாள் விடியற்காலை நாலரைக்கு அலாரத்தை நிறுத்த வலது பக்கம் புரண்டிருக்கிறார். அவ்வளவுதான். ஃபேன், சுவர், சாமி படம் எல்லாம் ரங்கராட்டினம் மாதிரிச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. கட்டிலின் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் ஓடி வருவதற்குள் சுற்றல் நின்றுவிட்டது. ஆனால் வாந்தி. மறுபடி படுத்தார், மறுபடி சுற்றல். அன்றைக்கு ஆரம்பித்தது.

அதற்கப்புறம் துணி காயப்போட அண்ணாந்தால் சுற்றும். பரண்மேல் இருக்கிற டப்பாவைப் பார்த்தால் சுற்றும். எல்லாவற்றையும் விடப் படுத்தால் சுற்றும். படுக்கவே பயந்துபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்க ஆரம்பித்தார். இப்படி ஐந்து வாரம்! கால் இரண்டும் வீங்கிப்போனது. கம்பெனியில் சூப்பர்வைசர், "நல்லா சரியானப்புறம் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். சம்பளம் பிடித்தம். பெரியம்மாவின் மனதில் ஓடிய பயம் வேறு. பெரியப்பா போனது பக்கவாதத்தில். "எனக்கும் அதான் வரப்போகுது, அவ படிப்ப முடிக்கற வரைக்கும் தாங்குமாடா?" என்று என்னிடம் ஒரு நாள் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்த ஐந்து வாரத்தில் வைத்தியம் நடக்காமல் இல்லை. பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சர்க்கரை, ரத்தம் எல்லாம் சரி. கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், "தேய்மானம்" என்று சொல்லிக் கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். (ஐம்பது வயது தாண்டியவர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். தெரிகிறது என்பதாலேயே சுற்றலுக்கு அது காரணம் ஆகிவிடாது.) மூன்று வேளைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தூங்கி வழிந்தார். கடைசியில் தலைக்கு ஸ்கேன். அதற்காகக் காதில் கிடந்த கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ஸ்கேன் ரிப்போர்ட் "எல்லாம் நார்மல்". சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ரிப்போர்ட் நார்மல், பெரியம்மா நார்மல் இல்லை. வியாதி அந்தக் கம்மல் தொங்கிய காதுக்கு உள்ளேயே இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சரி, காதுக்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம்?

கொத்தனார் கையில் ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாய்க்குள் திரவம், அதில் ஒரு குமிழி. சுவர் சாய்ந்தால் குமிழி நகரும். நம் இரண்டு காதின் உள்ளேயும், எலும்புக்குள் பத்திரமாக, கிட்டத்தட்ட இப்படி ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஒரு அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேருகிற மாதிரி அமைந்தவை. உள்ளே திரவம். தலையைத் திருப்பினால் குழாய் திரும்பும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஜெல்லி மாதிரி ஒரு கதவு இருக்கிறது. பின்தங்கும் திரவம் அந்தக் கதவை வளைக்கும். "தலை திரும்புகிறது" என்று மூளைக்குத் தகவல் போகும்.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றாதவர் யார்? சுற்றிவிட்டு நின்றால் உலகம் சுற்றும். நாம் நின்றுவிட்டோம், குழாய்க்குள் திரவம் நிற்கவில்லை. அது இன்னும் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மூளை அதை நம்பிக் கண்களைத் திருப்புகிறது. அப்போது நண்பனின் கண்ணைப் பார்த்தால் கருவிழி ஒரு பக்கம் மெதுவாக நகர்ந்து, டக்கென்று திரும்பி, மறுபடி நகர்ந்து, இப்படித் துள்ளுவது தெரியும். டாக்டர்கள் இதற்கு நிஸ்டாக்மஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கண் துள்ளல் என்றே சொல்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முக்கியமான சாட்சி இதுதான்.

இந்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பை இருக்கிறது. யூட்ரிகிள் என்று பெயர். அதன் தரையில் ஒரு பசை, அந்தப் பசைமேல் ஆயிரக்கணக்கான கல்துகள்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்கிற மாதிரி அளவு. கால்சியம் கார்பனேட், அதாவது முட்டை ஓட்டில் இருக்கிற அதே பொருள். எந்தப் பக்கம் சாய்கிறோம், பஸ் கிளம்பியதா பிரேக் போட்டதா என்பதையெல்லாம் மூளை தெரிந்துகொள்வது இந்தக் கல்லின் கனத்தை வைத்துத்தான்.

வயது ஆக ஆக இந்தத் துகள்களின் பிடிப்பு தளரும். தலையில் அடிபட்டாலும் கழன்றுகொள்ளலாம். பல பேருக்குக் காரணமே தெரியாது. கழன்ற துகள்கள் பைக்குள்ளேயே கிடந்தால் தொந்தரவில்லை. வழி தவறிப் பக்கத்தில் இருக்கிற அரைவட்டக் குழாய்க்குள் நுழைந்தால்தான் வம்பு. மூன்றில் பின்பக்கக் குழாய்தான் தாழ்வாக இருப்பது, அதனால் பெரும்பாலும் அங்கே போய்ச் சேரும். அப்புறம் தலையைச் சாய்க்கும்போதெல்லாம் துகள்கள் உருளும், கூடவே திரவத்தை இழுக்கும், கதவு வளையும். தலை ஏற்கெனவே நின்றிருக்கும், மூளைக்கோ "வேகமாகச் சுற்றுகிறாய்" என்று தகவல் வரும். துகள்கள் குழாயின் அடியில் போய்ப் படிந்ததும் எல்லாம் நின்றுவிடும்.

இதற்கு வைத்திருக்கிற பெயர் பினைன் பராக்ஸிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ. சுருக்கமாக பிபிபிவி. பெயர்தான் நீளம், அர்த்தம் சுலபம். உயிருக்கு ஆபத்தில்லாத, திடீரென்று வந்து போகிற, தலை இருக்கும் நிலையைப் பொறுத்து வருகிற சுற்றல். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அபூர்வமான வியாதியும் இல்லை. சுற்றல் என்று வருகிறவர்களிடம் காது சம்பந்தமாகக் கண்டுபிடிக்கிற காரணங்களில் இதுதான் ரொம்பச் சாதாரணமானது.

இப்போது கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு வருவோம்.

நம் தமிழில் இதற்கு எத்தனை வார்த்தை பாருங்கள். தலைசுற்றல், கிறுகிறுப்பு, மயக்கம், தள்ளாட்டம், கண் இருட்டுது, தலை லேசா இருக்கு, கால் தரிக்கல. இதில் "மயக்கம்" என்பது விழுந்துவிடுவதற்கும் சொல்வது, லேசான கிறுகிறுப்புக்கும் சொல்வது. இங்கிலீஷ்காரர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. 1972-இல் டிராக்மன், ஹார்ட் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் தலைசுற்றலை நான்கு வகையாகப் பிரித்தார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேள், பதிலை வைத்து வகை சொல் என்பது முறை. ரொம்ப வருஷம் மருத்துவக் கல்லூரிகளில் இதைத்தான் படித்தார்கள். 2007-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த டேவிட் நியூமன்-டோக்கரும் கூட இருந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சுற்றல் என்று வந்தவர்களிடம் அது எந்த வகை என்று கேட்டு, சில நிமிஷம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேறு பதில் சொன்னார்கள்! ஆனால் "எத்தனை நேரம் இருக்கிறது, என்ன செய்தால் வருகிறது" என்ற கேள்விகளுக்கு வந்த பதில்கள் அந்த அளவுக்கு மாறவில்லை.

ஆக, கேட்க வேண்டியது "எப்படி இருக்கு" என்பதை அல்ல. "எப்போ வருது, எத்தனை நேரம் நிக்குது."

பெரியம்மாவை அழைத்துப்போன காது மூக்கு தொண்டை டாக்டர் இதைத்தான் கேட்டார். அவர் எங்களுக்கு எப்படிக் கிடைத்தார் என்றால், அக்காவின் காலேஜ் தோழியுடைய அம்மாவுக்கு இதே மாதிரி வந்து சரியாகியிருந்தது. லூகாஸ் ஸ்டாப்பிலிருந்து ஆட்டோவில் போனோம். பாடி மேம்பாலத்து வளைவில் ஆட்டோ திரும்பும்போது பெரியம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது :-)

"எப்போம்மா சுத்துது?"

"எப்பவும்தான் டாக்டர்."

"படுத்தா?"

"ஐயோ, தலகாணில தல வச்சா போதும்."

"எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா ஜாஸ்தி?"

"வலது பக்கம்."

"எவ்ளோ நேரம் இருக்கும்?"

"நாள் பூரா டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்டி இல்லம்மா. வீடு சுத்துது பாருங்க, அந்தச் சுத்து மட்டும். அது நிக்க எத்தன நேரம் ஆகும்? கண்ண மூடி ஒருக்கா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

பெரியம்மா யோசித்தார். "அது... இருவது எண்ணுறதுக்குள்ள நின்னுடும். ஆனா பயம் நாள் பூரா இருக்குது டாக்டர்."

ஐந்து வாரமாக எல்லோரிடமும் "நாள் பூரா சுத்துது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யும் இல்லை. சுற்றல் நின்ற பிறகும் ஒரு தள்ளாட்டம், குமட்டல், அடுத்து எப்போது வருமோ என்ற பதைப்பு எல்லாம் சேர்ந்துதான் அவருக்கு "நாள் பூரா". அந்த இருபது நொடியைத் தனியாகப் பிரித்துக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

இந்த இரண்டு பதிலே எவ்வளவோ விஷயங்களைத் தள்ளிவிடும். பிரஷர் குறைந்து வருகிற கிறுகிறுப்பு, படுத்திருந்து எழுந்து நிற்கும்போது வரும். கட்டிலில் படுத்தபடியே வலது பக்கம் புரள்கிறவருக்குப் பிரஷர் எப்படிக் குறையும்? ரத்தசோகைக்கு வலது இடது தெரியுமா? மெனியர் என்ற காது வியாதியில் சுற்றல் இருபது நிமிஷத்திலிருந்து பல மணி நேரம் வரை நிற்கும், காதில் இரைச்சலும் கேட்பதில் மந்தமும் கூட இருக்கும். ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த சுற்றலும் பொதுவாகச் சில நிமிஷங்களில் ஆரம்பித்து நாள்கணக்கில் போகலாம். காது நரம்பு வீக்கம் வந்தால் ஓயாமல் ஒரு நாளுக்கு மேல் சுற்றும். ஒரு நிமிஷத்துக்குள் நிற்பது, தலையை அசைத்தால் மட்டும் வருவது, படுத்தாலும் புரண்டாலும் அண்ணாந்தாலும் வருவது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கல்துகள்களைத்தான்.

ஆனால் சந்தேகம் போதாது, நிரூபிக்க வேண்டும். அதற்குத்தான் கட்டில்.

டாக்டர் பெரியம்மாவைக் கட்டிலின்மேல் கால் நீட்டி உட்கார வைத்தார். தலையை வலது பக்கம் 45 டிகிரி திருப்பினார். "கண்ண மட்டும் மூடாதீங்கம்மா, என் மூக்கையே பாருங்க. சுத்தும், பயப்படாதீங்க, நான் புடிச்சிருக்கேன்" என்றார். அப்படியே வேகமாகப் பின்னால் படுக்க வைத்தார். தலை கட்டில் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் கீழே தொங்கியது. நான் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்றும் இல்லை. நான்காவது நொடியில் பெரியம்மா "அம்மா!" என்று டாக்டரின் கையைப் பிடித்தார். டாக்டர் என்னை அருகில் கூப்பிட்டார். "கண்ணப் பாருங்க தம்பி." இரண்டு கருவிழியும் மேல்நோக்கித் துள்ளிக்கொண்டே, தரைப் பக்கம் இருக்கிற வலது காதை நோக்கித் திருகிக்கொண்டிருந்தன, கடிகாரத்து முள்ளைக் கையால் திருப்புகிற மாதிரி. முதலில் வேகம் ஏறியது, பிறகு குறைந்தது, நின்றது. மொத்தமே இருபது நொடிதான் இருக்கும். உட்கார வைத்தபோது லேசாக எதிர்த் திசையில் துள்ளியது. இடது பக்கம் திருப்பி அதே மாதிரிப் படுக்க வைத்தபோது ஒன்றுமே வரவில்லை.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், ஒவ்வொரு அடையாளத்துக்கும் கணக்கு உதைக்காமல் காரணம் இருக்கிறது. சில நொடி தாமதம் ஏன்? துகள்கள் உருள ஆரம்பித்துத் திரவத்தை இழுக்க நேரம் வேண்டும். நின்றுபோவது ஏன்? துகள்கள் அடியில் போய்ப் படிந்துவிட்டன. எழுந்தால் எதிர்த் திசை ஏன்? இப்போது துகள்கள் திரும்பி உருள்கின்றன. மேல்நோக்கித் திருகுவது ஏன்? ஒவ்வொரு குழாயும் கண்ணின் குறிப்பிட்ட தசைகளோடு இணைந்தது. பின்பக்கக் குழாய் தூண்டப்பட்டால் கண் இந்தத் திசையில்தான் துள்ளும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று கண்ணே விலாசம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. எந்த ஸ்கேனிலும் இந்தத் துகள்கள் தெரியாது. அவ்வளவு சின்னது. கண்ணில் தெரியும்.

இந்தச் சோதனைக்குப் பெயர் டிக்ஸ்-ஹால்பைக். மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்ற இருவர் 1952-இல் லண்டனிலிருந்து எழுதியது. அவர்களுக்கும் முன்னால் ராபர்ட் பாரனி இருக்கிறார். வியன்னாவில் காது டாக்டர். காதைக் கழுவத் தண்ணீர் விடும்போது சிலருக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். தண்ணீர் சில்லென்று இருந்தால் கண் ஒரு பக்கம் துள்ளுகிறது, சூடாக இருந்தால் எதிர்ப் பக்கம் துள்ளுகிறது! அங்கே பிடித்துக்கொண்டு உள்காதின் வேலையை ஆராய்ந்தார். 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குத்தான். அந்தச் செய்தி வந்தபோது அவர் முதல் உலகப்போரில் ரஷ்யர்களிடம் கைதியாக இருந்தார். விடுதலையான பிறகு ஸ்வீடன் போனார். 1921-இல் தலையின் நிலையைப் பொறுத்து வருகிற இந்தச் சுற்றலை ஒரு பெண் நோயாளியிடம் பார்த்து விவரித்து எழுதினார். 1969-இல் ஹெரால்ட் ஷுக்நெக்ட் என்ற அமெரிக்கர், இறந்தவர்களின் காது எலும்பைச் சோதித்து, பின்பக்கக் குழாயின் கதவில் துகள் படிந்திருப்பதைக் காட்டினார். 1992-இல் கனடாவில் பார்ன்ஸ், மக்லூர் என்ற இருவர் காது ஆபரேஷனின்போது குழாய்க்குள் துகள்கள் மிதப்பதையே நேரில் பார்த்து எழுதினார்கள்.

அதே 1992-இல்தான் ஜான் எப்லியின் கட்டுரையும் வந்தது. இவர் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்து டாக்டர். துகள் வழி தவறிக் குழாய்க்குள் வந்திருக்கிறது என்றால், தலையைச் சரியான வரிசையில் திருப்பி அதை வந்த வழியே உருட்டிவிடலாமே என்று யோசித்தார். குழந்தைகள் விளையாடும் பொம்மையில் குண்டை உருட்டிக் குழியில் போடுவோமே, அதே யோசனைதான். 1980-இலேயே இதைக் காட்டினார். சக டாக்டர்கள் நம்பவில்லை. மருந்து இல்லை, கத்தி இல்லை, தலையைத் திருப்பினால் வியாதி போகுமா என்ற கேலிதான் மிச்சம். கட்டுரையாக வெளிவரப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் முதல் சிகிச்சை. எப்லி 2019-இல் காலமானார்.

பெரியம்மாவுக்கும் அதே கட்டிலில் அதே நிமிஷத்தில் அதைச் செய்தார். வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்த நிலையில் கொஞ்ச நேரம். தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பி இன்னும் கொஞ்ச நேரம். அப்படியே உடம்போடு இடது பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்கிற மாதிரி இன்னும் கொஞ்ச நேரம். பிறகு எழுப்பி உட்கார வைத்தார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம். இரண்டு முறை செய்தார். மூன்றாவது முறை சோதித்தபோது கண் துள்ளவில்லை.

பெரியம்மா நம்பவில்லை. கழுத்துப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அவ்ளோதானா டாக்டர்? மாத்திர?" என்றார்.

"மாத்திர வேணாம்மா. இன்னிக்கு ராத்திரி கட்டில்லயே படுங்க."

படுத்தார். தூங்கினார். அடுத்த வாரம் லேசாக ஒருமுறை வந்தது, மறுபடி போய் ஒரு தடவை செய்துகொண்டார். அதற்கடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டார்.

எல்லாக் கதையும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு முறையில் சரியாகும். சிலருக்குத் துகள் பக்கவாட்டுக் குழாயில் இருக்கும். அதற்குச் சோதனையும் வேறு, உருட்டும் முறையும் வேறு. சரியானவர்களிலும் பலருக்குச் சில வருஷங்களில் திரும்ப வரும். திரும்ப வந்தால் திரும்ப உருட்டிக்கொள்ள வேண்டியதுதான். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று 2020-இல் தென்கொரியாவில் நடந்த பெரிய ஆய்வு சொன்னது. ஆகவே ஒருமுறைக்கு மேல் வந்தால் அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரை விஷயமும் சொல்ல வேண்டும். சின்னாரிசின், புரோக்ளோர்பெராசின் மாதிரியானவை குமட்டலையும் சுற்றல் உணர்வையும் கொஞ்ச நாளைக்கு அமுக்கும். கல்லை நகர்த்தாது. வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் தூக்கம், தடுமாறி விழுவது, சிலருக்குக் கை நடுக்கம் என்று பக்க விளைவுகளும் உண்டு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல், இந்த வியாதிக்கு இம்மாதிரி மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், வேறு சந்தேகம் இல்லாவிட்டால் ஸ்கேனும் வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறது. உருட்டியபின் உட்கார்ந்தபடி தூங்க வேண்டும் என்பதும் தேவையில்லை என்கிறது.

அதற்காக எல்லாச் சுற்றலையும் காது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சுற்றலோடு பேச்சு குழறினால், முகம் ஒரு பக்கம் கோணினால், கை கால் மரத்தால் அல்லது பலமிழந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால், இதுவரை வராத கடுமையான தலைவலி வந்தால், அசையாமல் இருந்தும் சுற்றல் நிற்காவிட்டால், அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது கட்டில் சோதனை எல்லாம் இல்லை, உடனே 108. அங்கே ஸ்கேன் கண்டிப்பாக வேண்டும். பெரியம்மாவின் பயம் அர்த்தமில்லாத பயம் இல்லை. அது இவருக்கு இல்லை என்று சொல்லவும் அந்தக் கேள்விகளும் அந்தக் கண் துள்ளலும்தான் உதவின.

வீடியோ பார்த்து வீட்டிலேயே உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் உருட்டினால் பிரயோஜனமில்லை. கழுத்திலோ முதுகிலோ கோளாறு உள்ளவர்களுக்கு முறையையே மாற்றிச் செய்ய வேண்டும். முதல் தடவையாவது டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தலை சுற்றினால், டாக்டரிடம் போவதற்குமுன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். என்ன செய்தபோது வந்தது? அந்தச் சுற்று மட்டும் எத்தனை நொடி? எந்தப் பக்கம் புரண்டால் அதிகம்? சுற்றுகிறபோது செல்போனில் கண்ணை வீடியோ எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்புறம் தயங்காமல், "படுக்க வச்சுக் கண்ணப் பாக்கறீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்குமுன் கேட்பது இன்னும் உத்தமம்.

பி.கு: நான் படிப்பது மெக்கானிக்கல், மருத்துவம் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தன் பாட்டியைக் கட்டிலில் தள்ளிப் பார்க்க வேண்டாம் :-) பெரியம்மாவின் கம்மலைப் போன மாதம்தான் மீட்டோம்.